ஆளுக்கொரு ஃபிரேம்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் என்றொரு ஊர். 1892இல் இரண்டு சகோதரர்கள் அங்கே சைக்கிள் கடை திறந்தார்கள். முதலில் விற்பனையும் பழுதுபார்ப்பும்தான். 1896 முதல் சொந்தமாகவே சைக்கிள் கட்டத் தொடங்கி, ‘வான் கிளீவ்’, ‘செயின்ட் கிளேர்’ என்ற பெயர்களில் விற்றார்கள். குழாயை அளந்து வெட்டி, பற்றவைத்து, பெயிண்ட் பூசி, ஒவ்வொன்றாகக் கையால் முடிக்கும் தொழில். தூசு புகாமல் எண்ணெயைத் தக்கவைக்கும் ஹப்பைக்கூட அவர்களே வடிவமைத்தார்கள். வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்ற அந்தச் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட விமானத்துக்கான செலவை ஏற்றது இந்தக் கடையின் வருமானம்தான். அவர்கள் கட்டிய சைக்கிள்களில் இன்று எஞ்சியிருப்பதாகத் தெரிவது ஐந்தே ஐந்து.

விமான வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கடையை முன்கதையாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார்கள். நான் கொஞ்ச நேரம் கடை வாசலிலேயே நிற்க விரும்புகிறேன். அதே ஆண்டுகளில் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து லட்சக்கணக்கில் சைக்கிள்கள் வெளிவந்தன. விலை சரிந்துகொண்டே போனது. அப்படியிருக்க, இரண்டு பேர் நடத்திய கடை எதை நம்பி ஃபிரேம் கட்டியது? இன்றைக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். இங்கிலாந்தின் டெர்பியிலும் ஜப்பானின் ஒசாகாவிலும் அமெரிக்காவின் ஒரிகானிலும் ஒருவர், இருவர், மிஞ்சிப்போனால் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைகள் வாடிக்கையாளரின் உடம்பை அளந்து ஃபிரேம் கட்டித் தருகின்றன. ஆசியத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் கார்பன் ஃபிரேம் எடையில் ஏறக்குறைய பாதிதான். பல நேரம் விலையும் குறைவு. ஆனாலும் பட்டறைக்கு ஆர்டர் வருகிறது.

கைவேலை மீதுள்ள பற்று, பழமை மீதுள்ள ஏக்கம் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் முதன்மையான காரணம் எஃகு என்ற உலோகத்தின் குணத்தில் இருக்கிறது. ஒற்றையாள் பட்டறை உயிரோடு இருப்பதற்கு எஃகின் இயற்பியல்தான் இடம் கொடுக்கிறது. எஃகு போனால் இந்தத் தொழிலும் போய்விடும்.

உடம்பும் கோணமும்

இன்றைய சைக்கிளின் உருவம் 1885இல் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ‘ரோவர்’ சைக்கிளிலிருந்து வளர்ந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் ஃபிரேமின் வைர வடிவம் நிலைத்துவிட்டது. மேலே பார் என்ற குழாய், கீழே சாய்வாக டவுன் டியூப், நடுவில் சீட் டியூப், முன்னால் குட்டையான ஹெட் டியூப், பின்சக்கரத்தைப் பிடிக்க இரண்டு ஜோடி மெல்லிய குழாய்கள். மொத்தம் எட்டுக் குழாய். இவை முக்கோணங்களாகச் சேர்வதால் ஓட்டுகிறவரின் பாரம் பெரும்பாலும் குழாயின் நீளவாக்கில் இழுவையாகவும் அழுத்தமாகவும் போகிறது. மெல்லிய குழாய்க்கு இழுவையையும் அழுத்தத்தையும் தாங்குவது எளிது. வளைவைத் தாங்குவதுதான் கஷ்டம்.

எட்டுக் குழாயின் நீளமும் கோணமும் யாருக்காக என்பதில் சிக்கல் தொடங்குகிறது. தொழிற்சாலை ஐந்தாறு அளவுகளில் ஃபிரேம் செய்யும். நடுத்தர உயரக்காரருக்கு அது போதும். மிகக் குள்ளமானவர், மிக நெட்டையானவர், கால் குட்டையாகவும் உடம்பு நீளமாகவும் இருப்பவர், முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் எல்லாரும் கிடைத்ததில் தங்களைத் திணித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஐந்தடிக்குக் கீழே உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஹேண்டில்பார் கைக்கு எட்ட வேண்டும் என்றால் ஃபிரேமைக் குட்டையாக்க வேண்டும். ஆனால் பந்தய சைக்கிளின் சக்கரம் குட்டையாவதில்லை. டயரோடு சேர்த்து அதன் ஆரம் சுமார் 340 மி.மீ. பெடல் கிராங்கின் நீளம் 165 மி.மீ. பெடல் அச்சுக்கு முன்னால் காலணி நுனி இன்னொரு 100 மி.மீ. நீண்டிருக்கும். மூன்றையும் கூட்டினால் 605. கிராங்க் அச்சிலிருந்து முன்சக்கர அச்சு வரை இந்தத் தூரம் இல்லாவிட்டால், மெதுவாகத் திரும்பும்போது காலணி நுனி சக்கரத்தில் இடிக்கும். தொழிற்சாலை என்ன செய்யும்? சீட் டியூபை நிமிர்த்தும், ஹெட் டியூபைச் சாய்க்கும், பாரின் நீளத்தைக் காகிதத்தில் குறைத்துக் காட்டும். ஓட்டுகிறவருக்குக் கை இன்னும் எட்டாது. வண்டி திரும்பும் விதமும் கெட்டுப்போகும்.

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பகுதியில் வாழ்ந்த ஜார்ஜினா டெரி என்ற இயந்திரப் பொறியாளர் இந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தார். வீட்டிலேயே ஃபிரேம் பற்றவைக்கக் கற்றுக்கொண்டு, 1985இல் பெண்களுக்கான சைக்கிள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவர் கண்ட தீர்வு, சிறிய ஃபிரேம்களில் முன்சக்கரத்தை மட்டும் 24 அங்குலமாக ஆக்குவது. பின்சக்கரம் வழக்கமான அளவு. முன்சக்கரத்தின் ஆரம் ஐந்தரை செ.மீ. அளவுக்குக் குறைந்ததும் 605 என்ற கட்டாயம் 550 ஆகிறது. பார் உண்மையாகவே குட்டையாகலாம். ஹெட் டியூபின் கோணத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்கள் அன்று பெண்களுக்கென்று தனியாக எதையும் யோசிக்காத நிலையில், பற்றவைக்கத் தெரிந்த ஒருவருக்கு அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

கோணம் கெட்டால் என்ன ஆகும்? ஹேண்டில்பார் திரும்பும் அச்சை நேர்கோடாகத் தரை வரை நீட்டிப் பாருங்கள். டயர் தரையைத் தொடும் இடம் அந்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளியை டிரெயில் என்கிறார்கள். ஹெட் டியூபின் சாய்வு 73 டிகிரி, ஃபோர்க்கின் முன்வளைவு 45 மி.மீ. என்றால் டிரெயில் 57 மி.மீ. வரும். சாய்வை ஒரே ஒரு டிகிரி குறைத்து 72 ஆக்கினால் 63 மி.மீ. ஆகிவிடும். ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். டிரெயில் கூடினால் வண்டி நேராக ஓடவே விரும்பும், வளைவில் தள்ளித் திருப்ப வேண்டும். குறைந்தால் சட்டென்று திரும்பும், வேகத்தில் பதற்றமாக இருக்கும். முன்னால் பை கட்டிக்கொண்டு தொலைதூரம் போகிறவருக்கும் வட்டப் பந்தயம் ஓடுகிறவருக்கும் ஒரே எண் பொருந்தாது.

சைக்கிள் ஏன் விழாமல் நிற்கிறது என்ற கேள்வியே இன்னும் முழுதாகத் தீராதது. 1970இல் பிரிட்டிஷ் வேதியியலாளர் டேவிட் ஜோன்ஸ் ஓட்டவே முடியாத சைக்கிளைக் கட்டிப் பார்க்க முயன்றார். முன்சக்கரத்தின் பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை வைத்து, சுழற்சியால் வரும் நிலைத்தன்மையை அழித்தார். அப்போதும் சைக்கிளை ஓட்ட முடிந்தது. டிரெயில்தான் முக்கியம் என்ற முடிவுக்கு வந்தார். 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் ஐவர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை அதையும் அசைத்துவிட்டது. சுழற்சி விளைவும் இல்லாமல், டிரெயிலும் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே இருக்குமாறு அவர்கள் கட்டிய வண்டி, தள்ளிவிட்டால் ஆளில்லாமலே தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டு ஓடியது. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்துதான் நிலைத்தன்மையைத் தீர்மானிக்கிறது. நல்ல ஃபிரேம் கட்டுநர் இந்தச் சமன்பாடுகளைத் தீர்ப்பதில்லை. தான் கட்டிய ஒவ்வொரு வண்டியின் அளவையும் ஓட்டியவர் சொன்ன குறையையும் நோட்டில் எழுதி வைத்திருப்பார். என்னைக் கேட்டால், பட்டறையின் மிக விலைமதிப்பான கருவி அந்த நோட்டுதான்.

குழாயின் கணக்கு

எஃகு, அலுமினியம், டைட்டானியம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இயற்கை ஒரு விசித்திரமான ஒற்றுமையை வைத்திருப்பது தெரியும். எஃகின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல், அடர்த்தி 7.8. டைட்டானியம் 110, 4.5. அலுமினியம் 70, 2.7. விறைப்பை அடர்த்தியால் வகுத்தால் மூன்றுக்கும் ஏறக்குறைய 25தான் வருகிறது. ஆக, எந்த உலோகமும் எடைக்கு எடை இன்னொன்றைவிட விறைப்பானதல்ல. வித்தியாசத்தை உண்டாக்குவது குழாயின் விட்டம்.

மெல்லிய குழாயின் விறைப்பு, விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது; சுவரின் கனத்துக்கு ஏற்ப நேர்விகிதத்தில் மட்டும் உயர்கிறது. பழைய டவுன் டியூப் 28.6 மி.மீ.; பிற்காலத்தில் பரவியது 31.8 மி.மீ. மூன்று மில்லிமீட்டர் பருத்ததற்கே விறைப்பு 37 சதவீதம் ஏறிவிடுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு மெல்லிய குழாய், 95 கிலோ எடையுள்ளவருக்குப் பருத்த குழாய் என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் தொழிற்சாலைக்குக் கிடையாது. ஒரே குழாயில் இருவரையும் அது சமாளித்தாக வேண்டும். அதனால் பாரமான ஆளை நினைத்துக் கட்டும். இலகுவான ஆளுக்கு அந்த வண்டி கட்டையாக இருக்கும்.

பலரும் எதிர்பார்க்காத ஒன்று இது: விலை உயர்ந்த எஃகும் சாதாரண எஃகும் ஒரே அளவுக் குழாயாக இருந்தால் ஒரே அளவுதான் வளையும். கலப்பு உலோகத்தை மாற்றுவதால் விறைப்பு மாறுவதில்லை. உடையும் வரம்பு, அதாவது வலிமை, மாறுகிறது. வலிமை கூடினால் சுவரை மெலிதாக்கலாம், எடை குறையும். பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897இல் காப்புரிமை பெற்ற யோசனை இந்த இடத்தில் வருகிறது. வெளிவிட்டம் மாறாமல், குழாயின் உட்பக்கத்தை மட்டும் இரு நுனிகளிலும் தடிப்பாகவும் நடுவில் மெலிதாகவும் இழுப்பது. நுனியில் 0.8 மி.மீ., நடுவில் 0.5 மி.மீ. என்பது இன்றைக்கும் வழக்கமான அளவு. தீயின் சூடும் ஓட்டத்தின் அதிர்வும் இணைப்பில்தான் குவிகின்றன. அங்கே உலோகம் இருக்கிறது. நடுவில் வேலை குறைவு. அங்கே ஐந்து தாளின் கனம் போதும். 1935இல் அதே நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் சேர்த்த ‘531’ குழாயைக் கொண்டுவந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு நல்ல சைக்கிள் என்பதற்கு அந்த எண்ணே அடையாளமாக இருந்தது. ரெனால்ட்ஸ் அங்கமாக இருந்த பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமம்தான் 1949இல் முருகப்பா குடும்பத்தோடு சேர்ந்து சென்னை அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் ஆலையைத் தொடங்கியது. அந்த ஆலையிலிருந்து வந்து நம் தெருக்களில் ஓடிய ஹெர்குலிஸ் சைக்கிளின் வேர் பர்மிங்காம் குழாய்த் தொழிலில் போய் முடிகிறது.

பட்டறைக்காரர் ஏன் எஃகை விடாமல் பிடித்திருக்கிறார் என்பதை இப்போது சொல்லிவிடலாம். கார்பன் ஃபிரேமுக்கு அச்சு வேண்டும், அதுவும் ஒவ்வொரு அளவுக்கும் ஒன்று. அச்சின் விலையை மீட்க நூற்றுக்கணக்கில் விற்க வேண்டும். ஒரே ஒருவருக்காக அச்சு செய்வது கட்டுப்படியாகாது. சைக்கிளுக்கு அதிகம் பயன்படும் அலுமினியக் கலவை, வெல்டிங் சூட்டில் தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும். முழு ஃபிரேமையும் உலையில் வைத்துப் பதப்படுத்தினால்தான் அது திரும்ப வரும். டைட்டானியம் சூடான நிலையில் காற்றோடு சேர்ந்தால் நொறுங்கும் தன்மை அடையும். குழாயின் வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் ஆர்கான் வாயு நிரப்ப வேண்டும். எஃகுக்கு இதில் எதுவும் வேண்டாம். கேஸ் சிலிண்டர், டார்ச், அரம், வைஸ், சமதளமான கனத்த ஒரு இரும்பு மேசை போதும். முதல் ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் எல்லா அளவும் மாறினாலும் கூடுதல் செலவு என்று எதுவும் இல்லை. ஆளுக்கு ஆள் மாற்றிக் கட்டுவது தொழிற்சாலைக்குச் சுமை, பட்டறைக்கோ அதுதான் பிழைப்பு.

தீ

ஒரே ஒரு இணைப்பைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். டவுன் டியூபின் நுனி, ஹெட் டியூபின் உருண்டையைக் கவ்வி உட்கார வேண்டும். அதற்காக நுனியைப் பிறை வடிவில் குடைகிறார்கள். இரண்டு குழாயையும் சேர்த்து விளக்கு முன்னால் பிடித்தால் ஒளி கசியக் கூடாது. கசிந்தால் மறுபடி அரம். இணைப்பின் மேல் லக் என்ற எஃகு உறை வரும். பழைய ஸ்டாண்டர்டு சைக்கிளில் பார் வந்து ஹெட்டில் சேரும் இடத்தைப் பார்த்தால், பெயிண்ட்டுக்கு அடியில் அதன் விளிம்பு தெரியும். குழாய்க்கும் லக்குக்கும் நடுவே விடும் இடைவெளி 0.05 முதல் 0.1 மி.மீ. வரை.

இந்த இடைவெளிக்குள் உருகிய உலோகம் ஓட வேண்டும். எஃகு ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸில் உருகும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளைக் கம்பி 900 டிகிரியை ஒட்டி உருகிவிடும்; வெள்ளிக் கலவை 650 டிகிரியை ஒட்டியே. ஆக, எஃகு உருகாமலே இணைப்பு நடக்கிறது. வெல்டிங்குக்கும் பிரேசிங்குக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஆனால் சூடான எஃகின் மேல் நொடியில் துரு போன்ற ஆக்சைடு படலம் படியும். அதன் மேல் பித்தளை ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும். படலத்தைக் கரைக்க வெங்காரம் வேண்டும். பொற்கொல்லர் நகை பற்றவைக்கும்போது தடவும் அதே வெங்காரம், பித்தளை பிரேசிங்குக்கும் அடிப்படை. வெள்ளிக் கலவைக்கு ஃப்ளோரைடு கலந்த பசை.

டார்ச்சின் தீ இணைப்பைச் சுற்றி அசைந்துகொண்டே இருக்கும், ஓரிடத்தில் நிற்காது. முதலில் பசை வெளுத்துப் பொங்கும். பிறகு அடங்கி, 600 டிகிரியை ஒட்டி, தண்ணீர்போலத் தெளிந்து எஃகின் மேல் வழியும். வெப்பமானி எதுவும் இல்லாத பட்டறையில் இந்தத் தெளிவுதான் அளவுகோல். அப்போது கட்டுநர் கம்பியின் நுனியால் லக்கின் விளிம்பைத் தொடுகிறார். உலோகம் உருகி உள்ளே மறைகிறது. மறைவதற்குக் காரணம் நுண்புழை விசை. உருகிய வெள்ளிக் கலவையின் பரப்பு இழுவிசை தண்ணீரைவிடப் பத்து மடங்குக்கு மேல். 0.1 மி.மீ. இடைவெளிக்குள் அது புவியீர்ப்பை எதிர்த்து மேல்நோக்கியும் ஏறும். எங்கே சூடு அதிகமோ அந்தப் பக்கம் ஓடும் என்பதால், கட்டுநர் தீயை இணைப்பின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோய் உலோகத்தைத் தன் பின்னால் இழுத்து வருகிறார். லக்கின் எதிர் விளிம்பில் வெள்ளிக்கோடு ஒன்று மின்னினால் உள்ளே முழுதும் பரவியிருக்கிறது என்று நம்பலாம். இடைவெளி அரை மில்லிமீட்டராக இருந்தால் இந்த விசை ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். அரத்தோடு செலவழித்த நேரத்துக்கெல்லாம் பலன் இங்கேதான் தெரிகிறது.

ஆறும்போது இன்னொரு சோதனை. எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் பன்னிரண்டு பங்கு விரியும். 30 மி.மீ. நீளப் பகுதி 600 டிகிரி சூடேறினால் 0.2 மி.மீ. விரிகிறது. ஒரு பக்கம் முன்னால் சூடாகி மறுபக்கம் பின்தங்கினால், ஆறிய பிறகு ஒரு பக்கம் 0.1 மி.மீ. அதிகமாகச் சுருங்கியிருக்கும். 30 மி.மீ. விட்டமுள்ள குழாயில் 0.1 மி.மீ. என்பது, 600 மி.மீ. தள்ளி இருக்கும் மறுநுனியில் 2 மி.மீ. கோணலாக வந்து நிற்கும். பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் ஓடாது. எந்த இணைப்பை முதலில் பற்றவைப்பது, எந்தப் பக்கத்திலிருந்து தீயைத் தொடங்குவது என்ற வரிசையை ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தின் சுருக்கத்தை இன்னொரு பக்கத்தின் சுருக்கம் ஈடுகட்டுமாறு அமைத்த வரிசை அது. தண்ணீர் ஊற்றி ஆற்றவும் கூடாது. குரோமியம் கலந்த எஃகு திடீரென்று ஆறினால் நொறுங்கும் தன்மை பெறும்.

1970களில் ரெனால்ட்ஸ் ‘753’ என்ற பதப்படுத்திய குழாயைக் கொண்டுவந்தபோது அதை எல்லாருக்கும் விற்கவில்லை. சூடு சற்று மிஞ்சினாலும் பதம் போய்விடும் குழாய் அது. பட்டறைக்காரர் மாதிரி இணைப்பு ஒன்றைக் கட்டி பர்மிங்காமுக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதைச் சோதித்து, தேறியவருக்குத்தான் குழாய். ஒரு மூலப்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளரின் கைக்குத் தேர்வு வைத்தது என்பது தொழில் வரலாற்றில் அபூர்வம். எனக்கு அது மிகச் சரியான ஏற்பாடாகவே படுகிறது. காரணம், இந்த வேலையில் தவறு அன்றைக்கே தெரிவதில்லை.

நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கிறவர் ஒரு மணி நேரத்தில் 4,800 சுற்று மிதிக்கிறார். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் 10,000 கி.மீ. போனால் 400 மணி நேரம். பத்தொன்பது லட்சம் சுற்றுக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் ஃபிரேம் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை முறுக்கப்படுகிறது. எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அழுத்தம் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருந்தால் எத்தனை முறை முறுக்கினாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படியொரு வரம்பு கிடையாது. ஆனால் இணைப்பில் பற்றாத இடம் ஒன்றோ, அரம் கீறிய ஆழமான கோடு ஒன்றோ இருந்தால் அங்கே அழுத்தம் பல மடங்காகி வரம்பைத் தாண்டிவிடும். விரிசல் அங்கிருந்து கிளம்பும். ஐஎஸ்ஓ 4210 தரத்தின்படி ஃபிரேமை ஒரு லட்சம் தடவை மிதித்துச் சோதிக்க வேண்டும். தொழிற்சாலைக்கு அது எளிது. ஒன்றை உடைத்துப் பார்த்தால் ஆயிரம் ஃபிரேமுக்கு அது பதில். ஒவ்வொன்றையும் வெவ்வேறாகக் கட்டுகிறவர் எதை உடைத்துப் பார்ப்பது? விற்க வேண்டியதே அந்த ஒன்றுதானே.

மணிக்கணக்கு

குழாய், லக், வெள்ளி, வாயு எல்லாம் சேர்ந்தாலும் ஃபிரேமின் விலையில் சிறுபகுதிதான். பெரும்பகுதி நேரம். வாடிக்கையாளரோடு பேச்சு, அளவெடுப்பு, வரைபடம், வெட்டு, அரம், தீ, கோணல் சரிபார்ப்பு, மெருகு, இவை சேர்ந்து ஒரு ஃபிரேமுக்கு 40 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,800 மணி நேரம் உழைக்கும் ஒருவரால் 45 ஃபிரேம் கட்ட முடியும். அதுவும் கணக்கு எழுத, கூரியர் அனுப்ப, ஒட்டடை அடிக்க ஒரு மணி நேரமும் போகாமல் இருந்தால்தான். உண்மையில் 30 தேறும். கடை வாடகை, காப்பீடு, பெயிண்ட் பட்டறைக்குக் கொடுக்கும் கூலி, தன் ஆண்டுச் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி 30ஆல் வகுத்தால் வருவதுதான் ஒரு ஃபிரேமின் அடக்கவிலை. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகுத்தலைச் செய்வதில்லை. கடையில் தொங்கும் ஃபிரேமின் விலையைப் பார்த்துவிட்டு அதைவிடச் சற்றுக் குறைத்துச் சொல்கிறார்கள். நண்பர்கள் ஆர்டர் கொடுக்கிறார்கள், வேலை குவிகிறது, நஷ்டமும் அதே வேகத்தில் குவிகிறது.

முன்பணம் இன்னொரு பொறி. இந்த மாத ஆர்டரின் முன்பணத்தில் போன ஆண்டு ஆர்டருக்கான குழாயை வாங்கினால், காத்திருப்போர் பட்டியல் கடன் பட்டியலாகிவிடும். பட்டியல் நீளமாக இருப்பது பெருமை என்று நினைக்கிறார்கள். முன்பணம் செலவாகிவிட்ட பட்டறையில் அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

நிலைத்து நின்றவர்கள் எப்படி நின்றார்கள் என்று பார்த்தால் ஆளுக்கொரு வழி. அமெரிக்காவின் ரிச்சர்ட் சாக்ஸ் இளைஞராக லண்டனில் விட்கம் என்ற பட்டறைக்குப் போய்த் தொழில் பழகினார். திரும்பி வந்து ஒற்றையாளாகவே, ஒரே வகை லக் ஃபிரேமையே பல பத்தாண்டுகள் கட்டினார். வகையைப் பெருக்காததுதான் அவர் பலம். ஒரிகானின் ஆஷ்லண்டில் உள்ள யுனைடெட் பைசிக்கிள் இன்ஸ்டிட்யூட் ஃபிரேம் கட்டுவதைப் பாடமாக நடத்துகிறது. கற்றுக்கொடுப்பதே பல பட்டறைகளுக்கும் இரண்டாவது வருமானம். பழைய ஃபிரேமில் உடைந்த குழாயை மாற்றித் தருவது மூன்றாவது. டெர்பியின் மெர்சியன் 1946 முதல் திறந்த அடுப்பில் ஃபிரேம் பற்றவைத்து வந்த நிறுவனம். 2024இல் மூடும் நிலைக்கு வந்தபோது உள்ளூர் ஆர்வலர்கள் சேர்ந்து வாங்கிக் காப்பாற்றினார்கள். எண்பது ஆண்டுப் பெயரும் ஒரு மோசமான காலகட்டத்தைத் தனியாகத் தாங்கிவிடுவதில்லை.

ஜப்பானில் கதை வேறு. 1948இல் கொகுரா நகரில் கெய்ரின் என்ற பந்தயம் தொடங்கியது. பார்வையாளர்கள் பணம் கட்டும் பந்தயம் என்பதால் வண்டியால் யாருக்கும் சாதகம் வரக் கூடாது. ஆண்களுக்கான பந்தயத்தில் எஃகு ஃபிரேம்தான், அதுவும் அனுமதி பெற்ற கட்டுநர்களிடம் வாங்கியதுதான் என்று விதி வைத்தார்கள். ஒவ்வொரு வீரரும் தன் உடம்புக்கு அளவெடுத்துக் கட்டிக்கொள்வார். விழுந்து வளைந்தால் புதியது. உலகெங்கும் பந்தயத்திலிருந்து எஃகு மறைந்த பிறகும் அங்கே சிறு பட்டறைகள் பிழைத்ததற்கு இந்த விதி பெரிய காரணம். ஒசாகாவின் யோஷியாகி நாகசாவா இத்தாலியில் ‘போலியாகி’, ‘டி ரோசா’ என்ற பட்டறைகளில் பழகிவிட்டு ஊர் திரும்பியவர். 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலக ஸ்பிரின்ட் பட்டம் வென்ற கொய்ச்சி நகானோவுக்கு ஃபிரேம் கட்டியவர் அவர்தான்.

சிறு பட்டறையால் ஒரு தொழிலையே பிறப்பிக்கவும் முடியும். 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுன்டியில் இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களில் டமால்பைஸ் மலைச் சரிவில் பாய்ந்து இறங்கினார்கள். ஃபிரேம்கள் உடைந்துகொண்டே இருந்தன. ஃபிரேம் கட்டத் தெரிந்த ஜோ பிரீஸ் 1977இல் அந்த ஓட்டத்துக்கென்றே குரோமோலி எஃகில் புதிதாக ஒன்றைக் கட்டினார். தொடர்ந்து மொத்தம் பத்து. மவுன்டன் பைக் என்று இன்று உலகமெங்கும் விற்கும் வண்டிக்கு அந்தப் பத்தும் முன்னோடி. எந்தப் பெரிய நிறுவனமும் பத்துப் பேருக்காக ஒரு புது வண்டியை வடிவமைத்திருக்காது. பட்டறைக்காரருக்குப் பத்துப் பேர் என்பது நல்ல வியாபாரம்.

இதைப் படித்துவிட்டு யாருக்காவது டார்ச்சைக் கையில் எடுக்கத் தோன்றினால், ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பழைய இரும்புக் கடையில் உடைந்த ஃபிரேமை வாங்கி, குழாய்த் துண்டுகளை லக்கில் பொருத்திப் பித்தளையால் பற்றவையுங்கள். ஆறிய பிறகு ஹேக்ஸா எடுத்து இணைப்பை நீளவாக்கில் இரண்டாக அறுங்கள். உள்ளே மஞ்சள் கோடு இடைவெளியில்லாமல் ஓடுகிறதா, நடுவில் கறுப்புத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். திட்டே இல்லாத இணைப்பு வரிசையாகப் பத்து வரட்டும். அடுத்து நீங்கள் கட்டும் முதல் ஃபிரேமை நீங்களே ஓர் ஆண்டு ஓட்டுங்கள். அதுவரை யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள்.